ஐஸ் கரைந்ததா, உருகியதா?

இந்தக் கட்டுரையில் நான் குறை சொல்லப் போவது வேறு யாருடைய நூலையும் அல்ல, நானே தயாரித்த ஒரு பயிற்சித்தாளை. படிவம் இரண்டு மாணவர்களுக்காக நீர்ச்சுழற்சியைப் பற்றி ஒரு பக்கக் கருத்துணர்தல் பகுதி எழுதியிருந்தேன். சக ஆசிரியர்கள் சிலரும் அதை வாங்கிப் பயன்படுத்தினார்கள். நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

நான்காவது கேள்வி இது: கெட்டிலின் வாயிலிருந்து வெளிவரும் வெண்ணிறப் புகை என்ன? என் விடைப்பட்டியில் இருந்தது ஒரே சொல், நீராவி. இரண்டு புள்ளி. ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்த சிறு நீர்த்துளிகள்தான் வெள்ளையாகத் தெரிகின்றன." சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுழியம் இட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் மேசைக்கு வந்தாள். "டீச்சர், வாப் ஆயர் கண்ணுக்குத் தெரியாதுன்னு சயன்ஸ் டீச்சர் சொன்னாங்களே?" என்றாள். நான் சொன்ன பதிலை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. "இது தமிழ்ப் பாடம்மா" என்றேன்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிரவு வீட்டில் தேநீர் போடும்போது கெட்டிலைப் பார்த்தேன். அதன் வாயை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்கு மேலேதான் வெள்ளையாகக் கிளம்பியது. தெரியாத அந்த இடத்தில் இருப்பதுதான் நீராவி. மேலே தெரிவது, காற்றில் பட்டுக் குளிர்ந்து மறுபடியும் திரவமாகிவிட்ட நீர், பொடிப்பொடித் துளிகளாக. அவள் எழுதியது முழுக்கச் சரி. நான் தமிழின் பெயரைச் சொல்லி ஒரு சரியான விடையை அடித்திருக்கிறேன்.

பொருளின் மூன்று நிலைகளை நம் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். படிவம் ஒன்றில் அதே பாடம் 'ஜிரிம்' என்ற பெயரில் திரும்ப வருகிறது. நடுவில் மொழி மாறிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆறாம் ஆண்டு வரைக்கும் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, 2003-இல் படிவம் ஒன்றுக்குப் போனேன். அந்த ஆண்டுதான் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. 'உருகுதல்', 'உறைதல்' எல்லாம் பழைய பையோடு வீட்டிலேயே நின்றுவிட்டன. இன்று இருமொழித் திட்ட வகுப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர், அந்தச் சொற்களைப் பாடச்சொற்களாக முதன்முதலில் பார்ப்பதே நம்முடைய கருத்துணர்தல் தாளில்தான். அதனால்தான் அந்தத் தாளில் பிழை இருக்கக் கூடாது என்கிறேன். அறிவியலாசிரியர் சொன்னதற்கு மாறாகத் தமிழாசிரியர் ஒன்றைச் சொன்னால், பிள்ளை யாரை நம்பும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. 'தமிழில் அறிவியல் அப்படித்தான் இருக்கும்' என்றும் முடிவு செய்துவிடும்.

என் தாளைத் திரும்பப் படித்தபோது பிழைகள் இன்னும் அகப்பட்டன. பெரும்பாலானவை அறிவியல் தெரியாததால் வந்தவை அல்ல. வீட்டுத் தமிழையும் பாடத் தமிழையும் எங்கே பிரிக்க வேண்டும் என்று நான் யோசிக்காததால் வந்தவை.

முதலில் 'கரைதல்'. "ஐஸ் கரையறதுக்குள்ள குடிச்சிடு" என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறோம். ஐஸ் கச்சாங் கரைகிறது, மெழுகுவர்த்தி கரைகிறது, சவர்க்காரமும் கரைகிறது. பேச்சில் இதெல்லாம் தவறே இல்லை. இலக்கியத்திலும் மனம் உருகும், மனம் கரையும். இரண்டையும் ஒரே பொருளில்தான் நாம் பாடம் நடத்துகிறோம். (காகமும் கரையும். ஒலிமரபை மனனம் செய்யும் பிள்ளைக்கு இந்தச் சொல் ஏற்கெனவே போதுமான குழப்பத்தைக் கொடுத்திருக்கும்.) ஆனால் அறிவியல் பாடத்தில் ஐஸ் உருகும், சீனி கரையும். மாற்றி எழுதினால் புள்ளி போய்விடும். இதைப் பிள்ளைக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?

பயிற்சி நூல்கள் இதற்கு இரண்டு வரையறைகளைக் கொடுத்து மனனம் செய்யச் சொல்கின்றன. எனக்குத் தோன்றுவது, இதற்கு நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது, வேற்றுமை உருபு. கரைதல் 'இல்' கேட்கும்: எதில் கரைந்தது? நீரில். உருகுதல் 'ஆல்' கேட்கும்: எதனால் உருகியது? வெப்பத்தால். உருகுவதற்கு ஒரு பொருள் போதும், கூடவே சூடு. கரைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். வகுப்பில் இப்படிச் சொன்னதும் ஒரு பையன் மடக்கினான்: "டீச்சர், வெயிலில் உருகியதுன்னு சொல்றோமே, அங்கயும் 'இல்' வருதே?" நல்ல கேள்வி. வெயில் அந்தப் பொருளோடு கலந்துவிட்டதா என்று திருப்பிக் கேட்டேன். இல்லை, வெயில் வெறும் இடம்தான் என்றான். சீனி விஷயத்தில் தண்ணீர் இடம் மட்டும் அல்ல, கலவையின் ஒரு பாதி. உருபை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன்னால் நிற்கும் பெயரையும் பார்க்க வேண்டும் என்று அன்று எனக்கும் தெளிவானது. பிறகு ஐஸ் போட்ட சிராப் தண்ணீரை எடுத்துக்கொண்டோம். ஐஸ் உருகுகிறது. உருகி வந்த நீர் சிராப்போடு கலக்கிறது. ஒரே கோப்பைக்குள் இரண்டு வினை. பேச்சுத் தமிழ் அந்த இரண்டையும் சேர்த்துக் 'கரையுது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

கற்பூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டு கேட்டால், "கோயிலில் கற்பூரம் எரிவது" என்று எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். என்னுடைய தாளிலும் அப்படித்தான் இருந்தது. தட்டில் ஏற்றிய கற்பூரம் எரிகிறது. எரிதல் நிலைமாற்றம் அல்ல, அங்கே பொருளே வேறாகிவிடுகிறது. பதங்கமாதலைப் பார்க்க வேண்டுமென்றால் சாமி அறையில் திறந்தே கிடக்கும் கற்பூரப் பொட்டலத்தைப் பாருங்கள். யாரும் தொடாமலேயே வில்லைகள் சிறுத்துக்கொண்டு வரும், ஈரமும் இருக்காது, வாசனை மட்டும் அறை முழுக்க இருக்கும். திடம் நேராக வாயுவாகப் போகிறது. துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் அப்படித்தான். 'கற்பூரம் காற்றில் கரைந்தது' என்று கவிதையில் எழுதுகிறவர்கள், எரிகிற கற்பூரத்தைக் காட்டும் நம்மைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

'உறைதல்' இன்னும் சிக்கலானது. தண்ணீர் உறைகிறது, தயிர் உறைகிறது, இரத்தமும் உறைகிறது. மூன்றிலும் திரவம் கெட்டியாகிறது, ஆகவே மூன்றும் ஒன்றுதான் என்று பிள்ளை நினைப்பதில் தப்பு இல்லையே, சொல் ஒன்றாக இருக்கிறதே! இதை விளக்க எனக்கு உதவியவர் என் பாட்டி. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "மங்குல விட்டா பால் தானே உறைஞ்சிடும்" என்பார். பாலைத் திரவமாகவே வைத்திருக்க வேண்டுமானால் அமோனியா சேர்ப்பார்கள். தட்டில் ஊற்றிக் கட்டியாக்க வேண்டுமானால் பார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். இதில் குளிர் எங்கே வந்தது? தோட்டத்து வெக்கையிலேயே பால் உறைந்தது. அந்தக் கட்டியை மறுபடி சூடாக்கினால் பழைய பால் திரும்பாது. தயிரும் பாலாகாது. ஐஸைச் சூடாக்கினால் தண்ணீர் அப்படியே திரும்பிவிடும். ஆகவே வகுப்பில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எதனால் உறைந்தது? சூட்டில் வைத்தால் திரும்புமா? குளிர்ந்ததால் உறைந்தது, சூட்டில் திரும்பும் என்றால் அது நிலைமாற்றம். மற்றவை வேறு வகை. சிலர் இதற்காக இறுகுதல், கட்டியாதல் என்று சொற்களைப் பிரித்து வைக்கிறார்கள். அது எனக்கும் பிடிக்கும். ஆனால் 'தயிர் உறைந்தது' என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைப்பதை ஏற்க மாட்டேன். அது நல்ல தமிழ்.

இனி 'ஆவி'. நான் தடுக்கி விழுந்த இடமே இதுதான். ஆவி பறக்கும் காப்பி, ஆவி பிடித்தல், ஆவியில் வேகவைத்தல், இரவில் வரும் ஆவி. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையைத்தான் நினைவுக்குக் கொண்டுவருகின்றன. பாடத்தின் நீராவியோ நிறமற்ற வாயு. தெரிகிற வெள்ளைக்குத் தனிச்சொல் ஒன்றை நான் உருவாக்கப் போவதில்லை. 'நீர்த்துளிப் படலம்' என்று விளக்கமாக எழுதினாலே போதும். மேகமும் நீராவி இல்லை. அதுவும் துளிதான், அல்லது மிக உயரத்தில் பனித்துகள். அதை 'வெண்புகை' என்று நான் எழுதியது இரண்டாவது தவறு. நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் புகைமூட்டம் நன்றாகவே தெரியும், அதற்காகப் பள்ளி மூடியதும் நினைவிருக்கும். அந்தப் புகையில் மிதப்பவை பெரும்பாலும் எரிந்த பொருளின் நுண்துகள்கள். கெட்டிலிலிருந்து வருவது புகையே இல்லை.

இதே தாளின் பின்பக்கத்தில் 'நான் ஒரு மழைத்துளி' என்று ஒரு தன்கதை மாதிரியும் கொடுத்திருந்தேன். அதில் கடலில் இருக்கும் துளி, "சூரியன் என்னைச் சுட்டெரிக்க, நான் கொதித்து ஆவியானேன்" என்று பேசுகிறது. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கடல் கொதிப்பதில்லை. கடல் மட்டத்தில் நீர் கொதிக்க 100 பாகை செல்சியஸ் வேண்டும். கொதிக்கும்போது நீரின் உள்ளிருந்தே குமிழ்கள் எழும். ஆவியாதல் அப்படியல்ல. எந்தச் சூட்டிலும் நடக்கும், மேற்பரப்பில் மட்டும் நடக்கும். கொடியில் போட்ட பள்ளிச் சீருடை 30 பாகையிலேயே காய்ந்துவிடுகிறதே! தன்கதையில் கற்பனைக்கு இடம் உண்டு, துளி பேசலாம், அழலாம், அம்மாவைத் தேடலாம். பேசும் துளியை எந்தப் பிள்ளையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளாது. கொதிக்கும் கடலை எடுத்துக்கொள்ளும். அந்த வேறுபாட்டை எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "வெயில் பட்டது, நான் மெல்ல மெல்ல ஆவியானேன்" என்று மாற்றினேன். வாக்கியத்தின் அழகு ஒன்றும் குறையவில்லை.

மூன்று கட்டம் போட்ட அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திடப்பொருளுக்கு நிலையான வடிவம் உண்டு. திரவத்துக்கு இல்லை, கொள்கலனின் வடிவத்தைப் பெறும். வாயு முழு இடத்தையும் நிரப்பும். அட்டவணையில் பிழை இல்லை. ஆனால் அடுப்பங்கரைக்குப் போனதும் பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும். அரிசியைப் போத்தலில் கொட்டினால் போத்தல் வடிவம், டப்பாவில் கொட்டினால் டப்பா வடிவம். அப்படியென்றால் அரிசி திரவமா? ஒரே ஓர் அரிசியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வடிவம் எங்கே போட்டாலும் மாறாது. மேசையில் கொட்டினால் அரிசி குவியும், தண்ணீர் குவியாது, பரவும். பஞ்சும் நுரைமெத்தையும் அமுங்குகின்றனவே, அவை எப்படித் திடம் என்ற கேள்வியும் வரும். இதில் குற்றம் கொஞ்சம் சொல்லின் மேலும் இருக்கிறது. திடமான உடல், மனத்திடம் என்றே கேட்டுப் பழகிய காதுக்குத் 'திடப்பொருள்' என்றால் கல்லும் இரும்பும்தான். மென்மையான திடப்பொருள் என்பது முரணாகவே ஒலிக்கும். வகுப்பில் வேண்டுமென்றே முதல் எடுத்துக்காட்டாகப் பஞ்சைக் காட்டுங்கள், கல் பிறகு வரட்டும்.

எண்ணெயைத் திரவக் கட்டத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உருகும். நம் வீட்டு வெப்பத்தில் அது எப்போதும் திரவம். ஆசிரியர் அறையில் குளிர்சாதனத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள், போத்தலில் வெள்ளையாகக் கட்டிவிடும். 'திரவம்' என்பது எண்ணெயின் பெயர் அல்ல, அந்த வெப்பநிலையில் அதன் நிலை. இந்த ஒரு போத்தல், அட்டவணை முழுவதையும்விட அதிகமாகக் கற்றுக்கொடுத்தது.

வாயுவுக்குப் பொருண்மை இல்லை என்று நினைக்கும் பிள்ளைக்குச் சமையலறை எரிவாயுத் தோம்பைக் காட்டினால் போதும். 14 கிலோகிராம் என்று எடை சொல்லித்தானே விற்கிறார்கள்? தோம்புக்குள் அழுத்தத்தில் அது திரவமாக இருக்கிறது, வால்வைத் திறந்ததும் வாயுவாக வெளியே வருகிறது. எரித்துத் தீர்ந்த பிறகு தூக்கிப் பார்த்தால் போன எடை போனதுதான். (பிள்ளைகளைத் தூக்கச் சொல்ல வேண்டாம், வால்வில் கை வைக்கவும் விட வேண்டாம். அப்பா அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னால் போதும்.)

தேர்வெழுதும் மாணவர்களுக்குத் தனியாகச் சில வரிகள். தமிழ்நாட்டுக் காணொலிகளில் திண்மம், நீர்மம் என்று வருவதும், நம் பாடத்தில் திடப்பொருள், திரவம் என்று இருப்பதும் ஒன்றேதான். கட்டுரையில் ஏதாவது ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள், கலக்காதீர்கள். நாம் பொருண்மை என்பதை அங்கே நிறை என்பார்கள், இலங்கையில் திணிவு. 'நிறை' என்று கண்டதும் 'நிறைவு' என்று பொருள்கொண்டு எழுதிய விடைத்தாளை நான் திருத்தியிருக்கிறேன். கருத்துணர்தலில் பகுதியில் உள்ள சொல்லையே எடுத்தாளுங்கள். பகுதியே தவறு என்று பட்டால், பகுதி சொல்வதை முதலில் எழுதி, நீங்கள் அறிந்ததை அடுத்த வாக்கியமாகச் சேருங்கள். இது கொஞ்சம் கோழைத்தனமான ஆலோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். என்னைப் போல் திருத்துகிறவர்கள் இருக்கும்வரை உங்களுக்கு இது தேவைப்படும்.

அந்த மாணவியின் தாளை மறுநாள் வாங்கி, சுழியத்தை அடித்து, இரண்டு புள்ளி போட்டேன். வகுப்பு முன்னிலையில் என் விடைதான் தவறு என்றும் சொன்னேன். அவள் "பரவாயில்ல டீச்சர்" என்றாள். நாம் அவர்களிடம் அப்படிச் சொல்வது குறைவு. தாளை வாங்கிப் போன சக ஆசிரியர்களுக்கும் திருத்தம் அனுப்பிவிட்டேன்.

நான்காவது கேள்வி இப்போது இப்படி இருக்கிறது: கெட்டிலின் வாய்க்கும் மேலே தெரியும் வெண்படலத்துக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி உள்ளது. அங்கே இருப்பது என்ன? இந்த ஆண்டு பலர் நீராவி என்று எழுதினார்கள். சிலர் காற்று என்றார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன், "அங்கே சூடு இருக்கிறது, நான் தொட்டுப் பார்த்தேன்" என்று எழுதி, சிவந்த விரலையும் கொண்டுவந்து காட்டினான். உடனே சுகாதார அறைக்கு அனுப்பினேன். இனி இந்தக் கேள்விக்கு மேலே 'தொடாதீர்கள், கண்ணால் மட்டும் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அவன் விடைக்கு எத்தனைப் புள்ளி போடுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.